படித்தால் பத்து ரூபாய்: காசு ஆர்வத்தைக் கொல்லுமா?

வாசகர் கேள்வி, 3 மே

என் மகள் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போன கோடை விடுமுறையில் ஒரு கதைப்புத்தகம் படித்து முடித்தால் பத்து ரூபாய் என்று சொன்னேன். மளமளவென்று படித்தாள். பள்ளி திறந்ததும் காசை நிறுத்தினேன். புத்தகத்தைத் தொடுவதையும் நிறுத்திவிட்டாள். பரிசு கொடுத்தால் ஆர்வம் போய்விடும் என்று உளவியல் படித்த என் மைத்துனர் சொல்கிறார். அப்படியானால் மாதச் சம்பளம் வாங்கும் நாம் எல்லோரும் ஆர்வம் செத்தவர்களா? மனிதனை நகர்த்துவது காசு. மற்றதெல்லாம் வகுப்பறைப் பேச்சு என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

4 மே, இரவு

மறுக்கிறேன். ஆனால் உங்கள் மைத்துனர் சொல்வதையும் பாதிதான் ஏற்கிறேன்.

அவர் மனத்தில் இருப்பது 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராத நேரத்தில், அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் தானாக எடுத்து வரைகிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் வரைவதற்குச் செலவிட்டார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் இரண்டு செய்திகள் உண்டு. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை. சோதிக்கப்பட்ட குழந்தைகள் எல்லோரும் முன்பே வரைவதை விரும்பியவர்கள். ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: பத்து ரூபாய்க்கு முன்னால் உங்கள் மகள் தானாகப் புத்தகம் எடுப்பாளா, மாட்டாளா? இது தெரியாமல் அந்த ஆய்வை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது.

5 மே, காலை

நேற்று எழுதியதற்கு முன்கதை. சொல்லாமல் விட்டால் உறுத்தும்.

1940களில் அமெரிக்க உளவியலில் ஆட்சி செய்த கொள்கை கிளார்க் ஹல்லுடையது. உடலில் பசி, தாகம், வலி போன்ற ஒரு குறை எழுகிறது. அந்தக் குறையைத் தணிக்கவே உயிர் இயங்குகிறது. தணித்த செயல் பழக்கமாகிறது. விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ தன் குரங்குகளுக்கு முன்னால் கொக்கி, ஊசி, கீல் கொண்ட ஒரு பூட்டுப் புதிரை வைத்தார். உணவு இல்லை, தண்டனை இல்லை. குரங்குகள் புதிரை நோண்டின, அவிழ்க்கக் கற்றன, திரும்பத் திரும்ப அவிழ்த்தன. ஹல்லின் கணக்கில் இதற்கு இடமே கிடையாது. பிறகு உணவை உள்ளே வைத்துப் பார்த்தபோது தவறுகள் கூடின.

இருபது வருடம் கழித்து எட்வர்ட் டெசி அதே கேள்வியை மனிதர்களிடம் கேட்டார். கல்லூரி மாணவர்களுக்கு சோமா என்னும், துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் மட்டும் ஒரு குழுவுக்குப் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர். ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஆய்வாளர் ஏதோ காரணம் சொல்லி எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். மேஜையில் பத்திரிகைகள் கிடக்கும், புதிரும் கிடக்கும். எதை எடுக்கிறார்கள் என்பதுதான் சோதனை. காசு வாங்கியவர்கள், காசு நின்ற மூன்றாவது அமர்வில், முதல் அமர்வில் கொடுத்த நேரத்தைவிடக் குறைவாகவே புதிருக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு இந்த எட்டு நிமிடம் மிகவும் பிடித்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது கை எங்கே போகிறது என்பதைவிட நேர்மையான அளவுகோல் வேறு என்ன இருக்கிறது?

5 மே, மாலை

"குழந்தையும் குரங்கும் வேறு, வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவன் வேறு" என்று எழுதிய நண்பருக்கு.

மதுரைப் பக்கம் நடந்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். டான் ஏரியலி, யூரி நீசி, லோவன்ஸ்டைன், நீனா மஸார் நால்வரும் 2009இல் வெளியிட்டது. கிராமத்து மக்களிடம் கவனம், நினைவு, கைத்திறன் கேட்கும் ஆறு விளையாட்டுகள் கொடுத்தார்கள். நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்குச் சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. அன்றைய கிராமத்துக் கணக்கில் 400 ரூபாய் சின்னத் தொகை அன்று. ஆறு விளையாட்டிலும் ஜெயித்தால் பல மாதச் செலவுக்குக் காணும். நானூறுக்கு ஆடியவர்கள்தான் எல்லோரையும்விட மோசமாக ஆடினார்கள். காசு வேண்டாம் என்று சும்மா இருந்ததால் அல்ல. மிகவும் வேண்டியிருந்தது, அதனால்தான் கை நடுங்கியது.

அதே ஆய்வில் அமெரிக்க மாணவர்களிடம் இரண்டு வேலைகளை ஒப்பிட்டார்கள். இரண்டு விசைகளை மாறி மாறி அழுத்தும் வேலையில் பணம் கூடக்கூட வேகம் கூடியது. எண்களைப் பார்த்துக் கூட்டும் வேலையில் பெரிய தொகை ஆட்டத்தைக் கெடுத்தது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவில் பல வருடம் இருந்தவன். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓவர்லாக் மிஷினில் பக்கவாட்டுத் தையல் போடுகிறவருக்கு பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி, வைத்தால் எண்ணிக்கை ஏறும், சந்தேகமே இல்லை. சாம்பிள் டெய்லருக்கு அப்படி வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் நிறுவனம், அனுப்பிய படத்தைப் பார்த்து, துணியின் இழுவையைக் கையால் உணர்ந்து, கழுத்துப்பட்டி எங்கே சுருங்கும் என்று முன்கூட்டியே ஊகித்துத் தைக்க வேண்டிய வேலை அது. எங்கள் நிர்வாகம் ஒருமுறை சாம்பிளுக்கும் பீஸ் கணக்கு வைத்தது. எண்ணிக்கை ஏறியது, பையர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சாம்பிள்களும் கூடின. அந்தப் பிரிவின் மூத்த டெய்லர், அதுவரை ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு தோள்பட்டையை மூன்று விதமாகத் தைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், மணி அடித்ததும் எழுந்து போக ஆரம்பித்தார். கேட்டதற்கு, "கணக்கில் வராத வேலை எதற்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

6 மே

நடுவில் ஒருவர், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் பிரமிடைக் கொண்டுவந்துவிட்டார். முதலில் சோறு, அப்புறம் பாதுகாப்பு, அப்புறம் அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னை முழுமையாக்குதல். கீழ்ப்படி நிறையாமல் மேலே ஏற முடியாது என்கிறார்.

அந்தப் பிரமிடை மாஸ்லோ வரையவில்லை. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் படமே கிடையாது. பின்னால் 1960 வாக்கில் நிர்வாக ஆலோசகர்கள் முக்கோணமாக்கினார்கள். அதற்குப் பிறகு பயிற்சி அரங்குகளில் அது மந்திரமாகிவிட்டது. ஒரு தேவை நூறு சதவீதம் நிறைந்த பிறகுதான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. எல்லாம் அரையும் குறையுமாகவே நிறைந்திருக்கும், வரிசை மாறும், கொள்கைக்காகப் பட்டினி கிடப்பவரும் உண்டு என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர்களில் கட்டுரையைப் படித்தவர்கள் குறைவு.

எனக்கு இந்த முக்கோணத்தின்மேல் கோபம் உண்டு. கூலி வாங்குகிறவனுக்கு மதிப்பும் அழகும் இப்போது தேவைப்படாது, முதலில் அவன் சாப்பிடட்டும் என்று சொல்ல அது வசதியாக இருக்கிறது. வாரச் சம்பளத்தில் முக்கால் பங்கை ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாழ்ந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தையல் கோணலாக விழுந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. சூப்பர்வைசர் ஒருமையில் கூப்பிட்டதற்காக நல்ல கூலியை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

6 மே, இரவு

"பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது பொய்யா?" என்று உடனே கேட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. அதையும் சோதித்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சிப்படி மறுத்தவர்கள் அவர்கள்; தாமாக முன்வந்தவர்கள். உடல் எடையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. அரசியல் பேச்சு நின்றது, காதல் நினைவு நின்றது, சிரிப்பு நின்றது. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பத்தும் பறந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த 36 பேரில் பெரும்பாலானவர்கள் கடைசிவரை விலகவில்லை. ஐரோப்பாவில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களை எப்படி மீட்பது என்று கண்டுபிடிக்க இது உதவும் என்பதே அவர்களை உட்கார வைத்தது. பசி மனத்தின் எல்லா அறைகளையும் பிடித்துக்கொண்டது, ஏன் வந்தோம் என்ற ஒன்றை மட்டும் அதனால் வெளியேற்ற முடியவில்லை. முக்கோணத்தில் இதை எங்கே வைப்பது?

8 மே

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: மகள் முன்பு படக்கதைகள் விரும்பிப் படிப்பாளாம். பத்து ரூபாய்த் திட்டத்தில் படக்கதைகளுக்குக் காசு இல்லை என்று சொன்னாராம், "அது புத்தகமே இல்லை" என்பதால்.

ஐயா, எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இந்த வீட்டில் பத்து ரூபாயைவிடப் பெரிய விஷயம் நடந்திருக்கிறது. அவள் விரும்பியதற்கு விலை இல்லை என்றும், நீங்கள் விரும்பியதற்கு விலை உண்டு என்றும் சொல்லிவிட்டீர்கள்.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னால் வளர்த்த கொள்கையின் நடு இடம் இதுதான். ஒரு பரிசு இரண்டு சேதிகளைச் சுமந்து வரலாம். "நீ நன்றாகச் செய்கிறாய்" என்பது ஒன்று. "உன்னை நான் இயக்குகிறேன்" என்பது இன்னொன்று. அதே தொகை, அதே கை, ஆனால் எந்தச் சேதி காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஆர்வம் வளரும், அல்லது வாடும். மனிதருக்கு மூன்று தேவைகள் என்கிறார்கள்: நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

நான் செய்யச் சொல்வது: படக்கதைகளைத் திருப்பிக் கொடுங்கள். நூலகத்துக்கு அழைத்துப்போய் அவளையே எடுக்க விடுங்கள், முகம் சுளிக்காமல். அவள் படித்ததை நீங்களும் படித்துவிட்டு அந்தக் கதையைப் பற்றி அவளிடம் பேசுங்கள். காசு வேண்டுமென்றால் படிப்போடு முடிச்சுப் போடாமல் கைச்செலவுக்கென்று தனியாகக் கொடுங்கள்.

9 மே

மேலே எழுதியவற்றை எல்லாம் திரும்பப் படித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. எதிர்ச் சாட்சிகளையும் வைக்கிறேன்.

1994இல் கேமரன், பியர்ஸ் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பரிசு ஆர்வத்தைக் கெடுக்கும் என்பது மிகைப்படுத்தல் என்றார்கள். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து, கெடுக்கவே செய்கிறது என்றார்கள். பல வருடச் சண்டை. அதன் நடுவில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடங்களும் உண்டு: சொல்லால் பாராட்டுவது ஆர்வத்தைக் குறைப்பதில்லை, கூட்டவும் செய்கிறது; ஏற்கெனவே சலிப்பான வேலையில் பரிசால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

இதைவிட எனக்குக் கனமாகப் படுவது நம் பக்கத்து மாநிலச் சாட்சி. ஆந்திரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு, மாணவர்கள் தேர்வில் முன்னேறினால் சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீத அளவு போனஸ் என்று வைத்துப் பார்த்தார்கள் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். இரண்டு வருடத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பள்ளி மாணவர்கள் மற்றப் பள்ளிகளை முந்தினார்கள். போனஸே இல்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் முந்தினார்கள். காசு ஆசிரியரின் மனத்தைக் குறுக்கியிருந்தால் அந்தப் பாடங்கள் சரிந்திருக்க வேண்டும். ராஜஸ்தானில் உதய்பூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியர் தினமும் தேதி பதியும் கேமராவில் படம் எடுக்க வேண்டும், வந்த நாள்களைப் பொறுத்தே சம்பளம் என்று வைத்தபோது வராத நாள்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தன.

ஆகவே "காசு ஆர்வத்தைக் கொல்லும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். கூலியைக் குறைக்க நினைக்கும் முதலாளிக்கு அது நல்ல சாக்கு. உரிய சம்பளம் கொடுத்துவிட்டு அப்புறம் பேசட்டும் மன உந்துதலைப் பற்றி. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே இதைப் பிரித்துச் சொன்னார்: குறைந்த சம்பளமும் மோசமான மேற்பார்வையும் மனிதனை வெறுப்பேற்றும், அவற்றைச் சரிசெய்தால் வெறுப்பு போகும், வேலைமேல் பிடிப்பு வருவது அந்த வேலைக்குள்ளிருந்து. பிட்ஸ்பர்க் பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டு எழுதியது. அவர் முறையில் ஓட்டைகள் உண்டு, ஆனால் இந்த ஒரு பிரிவினை தொழிற்சாலைத் தரையில் எனக்குப் பொய்க்கவில்லை.

10 மே

குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் போடலாமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், மாலையில் தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை காத்திருக்கும் ஆசிரியைக்கு முன்னால் கூசியவர்கள், இப்போது காசு கட்டிவிட்டு நிம்மதியாகத் தாமதித்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நீசியும் ருஸ்டிச்சினியும் 2000இல் வெளியிட்டது. உங்கள் சங்கத்தில் அபராதம் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

11 மே

"நம்மவர்களுக்கு விதிமேல் பாரத்தைப் போட்டுப் பழக்கம், எந்தக் கொள்கையும் எடுபடாது" என்று எழுதியிருப்பதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

டேவிட் மெக்லலண்ட் சாதனை வேட்கை என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 1964இல் காக்கிநாடாவின் சிறுதொழில் முனைவோரை ஹைதராபாத் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்து, சில நாள் பயிற்சி கொடுத்தார்: எட்டக்கூடிய, ஆனால் எளிதல்லாத இலக்கை வைப்பது, தன் முன்னேற்றத்தைத் தானே அளப்பது, சாதிக்க நினைப்பவன் எப்படி யோசிப்பான் என்று கதை எழுதிப் பழகுவது. ஊர் திரும்பியவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாகப் புதுத் தொழிலில் இறங்கினார்கள், முதலீடு செய்தார்கள், ஆள் சேர்த்தார்கள். சாதியோ மரபு நம்பிக்கையோ இதற்குத் தடையாக இருக்கவில்லை என்பது அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. அறுபது வருடம் கழித்தும் நாம் நம்மையே திட்டிக்கொண்டிருப்பது வேதனை.

11 மே, இரவு

ஒரு சகோதரி தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார்: வேலை போன பிறகு வீட்டிலேயே கிடக்கிறான், சோம்பேறியாகிவிட்டான் என்று.

அம்மா, அந்தச் சொல்லை அவன் காதில் விழச் செய்யாதீர்கள். 1967இல் செலிக்மன், மையர் இருவரும் தப்பிக்க முடியாத மின் அதிர்ச்சிக்கு நாய்களை உட்படுத்தினார்கள். பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பல நாய்கள் படுத்தே கிடந்தன. செயலற்றுப்போவதை அவை கற்றுக்கொண்டன என்று விளக்கினார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2016இல், மூளை ஆய்வுகளைப் பார்த்து அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவது உடலின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது "என் செயலால் ஏதோ மாறுகிறது" என்பதைத்தான்.

ஆர்டர்கள் நின்று எங்கள் யூனிட் மூடப்பட்ட பிறகு நானும் அப்படிக் கிடந்தவன். அறிவுரை சொல்ல வந்தவர்கள் போனதும் இன்னும் ஆழமாகப் படுத்தேன். எதிர்வீட்டு அக்கா ஒரு பழைய தையல் மிஷினைக் கொண்டுவந்து, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, பாருங்கள் என்றார். பார்த்தேன், ஓடியது. அன்று சாயந்திரம் குளித்தேன். உங்கள் தம்பிக்கு இன்று மாலைக்குள் முடிந்துவிடக்கூடிய, அவன் செய்தால்தான் சரியாக வரும் ஒரு வேலை இருந்தால் அதைக் கேளுங்கள். வாரக்கணக்கில் மாற்றம் இல்லை என்றால் மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். மனச்சோர்வு ஒரு நோய்.

13 மே

"எல்லாம் டோபமைன்தான்" என்பவருக்கு. டோபமைன் என்பது மூளையில் சேதி கடத்தும் ஒரு ரசாயனம். கென்ட் பெரிட்ஜ் எலிகளின் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார். அவை உணவைத் தேடிப் போகவில்லை. வாயில் இனிப்பை விட்டால் முன்போலவே சப்புக்கொட்டின. வேண்டும் என்று இழுப்பதும், கிடைத்ததில் மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். நள்ளிரவில் ஒரு சந்தோஷமும் இல்லாமல் கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது புரியும்.

14 மே

ரத்ததான முகாம் நடத்தும் நண்பர், வருகிறவர்களுக்கு ஏதாவது பரிசு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். காசு கூடாது, விலைக்கு ரத்தம் வாங்குவதை 1998இலிருந்து நம் நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் ரத்தம் கொடுப்பவர் குறைவார்கள் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970இலேயே வாதிட்டார். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் மெல்ஸ்ட்ரோம், யோஹானசன் இருவரும் அதைச் சோதித்தார்கள். பணம் உண்டு என்றதும் பெண்களில் முன்வந்தவர்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். ஆண்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் பெண்களின் எண்ணிக்கை பழையபடி ஏறியது.

பரிசுக்கு வைத்திருக்கும் தொகையை வேறு வழியில் செலவிடுங்கள். ஸ்வீடனில் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் கொடுத்தவரின் கைபேசிக்குச் செய்தி போகிறது. உங்கள் ரத்த வங்கி சம்மதித்தால், பெயர் எதுவும் சொல்லாமல், அதுபோல ஒரு வரி அனுப்புங்கள். முகாம் திருப்பூருக்கு அருகில் என்றால் தேதியை இங்கே போடுங்கள், வருகிறேன். ஓ பாசிட்டிவ்.